வெயிலூர் என்று சொல்லாதீர்கள்

வேலூருக்குப் போகக் காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கியதும் அண்ணன் சொன்ன முதல் வார்த்தை, "அம்மாடி." அடுத்துச் சொன்னது, "பேரைத் தப்பா வெச்சிருக்கானுங்க. இது வேலூர் இல்ல, வெயிலூர்."

நாங்கள் மலேசியாவில் தைப்பிங் என்ற ஊர்க்காரர்கள். எங்கள் ஊரை மழை ஊர் என்பார்கள். மத்தியானம் எவ்வளவு வெயில் அடித்தாலும் சாயங்காலம் மலைப் பக்கமிருந்து மேகம் இறங்கிவிடும். அலமாரியில் வைத்த செருப்பு பூசணம் பூத்துவிடும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து கத்திரி வெயிலில் காட்பாடியில் வந்து இறங்கினால், யாரோ அடுப்புக் கதவைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்த மாதிரி இருந்தது.

வந்த காரியம் இதுதான். என் மகன் குகன் பினாங்கில், காலணிகளை வாங்கி விற்கும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். சரக்கைச் சோதித்துப் பார்க்க அடிக்கடி ஆம்பூருக்கு வருவான். அங்கே ஒரு ஷூ கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கும் திவ்யாவைப் பிடித்துப் போய்விட்டது. பெண்ணை நான் போனில் பார்த்துப் பேசியாகிவிட்டது. பெண்ணின் அம்மாவை நேரில் பார்த்துச் சம்மதம் கேட்பதுதான் பாக்கி. என் கணவர் இல்லை. அதனால் குடும்பத்துப் பெரியவராக அண்ணன் கூட வந்தார். குகனுக்கு லீவு நிச்சயதார்த்தத்துக்குத்தான் கிடைக்கும்.

அண்ணன் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் அஞ்சலகத்தில் இருந்து. அவரிடம் எதற்கும் ஒரு நகைச்சுவை உண்டு. சாவு வீட்டில்கூட ஒன்று சொல்லி, அழுதுகொண்டிருப்பவர்களைச் சிரிக்க வைத்துவிடுவார். சில நேரம் அது நல்லதாகவும் முடிந்திருக்கிறது.

ஆட்டோக்காரர் பெட்டியைத் தூக்கி வைத்தபடியே, "ஆஸ்பத்திரிக்காம்மா? பேஷண்ட்டு யாரு?" என்று கேட்டார்.

"இந்த வெயிலூர்ல எறங்கினோம்ல, நாங்கதான் பேஷண்ட்டு," என்றார் அண்ணன். ஆட்டோக்காரர் சிரிக்கவில்லை. நாங்கள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை, பெண் வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று நான் சொன்னதும்தான் அவர் முகம் திறந்தது. "அப்டியா! நல்ல சேதிம்மா. எறங்குறவங்கள்ல பாதிப் பேரு சீக்கோடதான் வர்றாங்க. கல்யாணம்னு யாராவது சொன்னா எங்களுக்கும் சந்தோசம்தான்."

பாலாற்றுப் பாலம் வந்தது. கீழே மணலும் முள்ளுச் செடிகளும். ஆட்டோக்காரர் கண்ணாடியில் அண்ணனைப் பார்த்தார்.

"சார், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்கப்பா ரோடு போட்ற வேலை. தாரு ஊத்துற வேலை சார். ஒரு சித்திரையில மத்தியானம் நிழலுக்கு வந்து ஒக்காந்தாரு. அவ்ளோதான், எழுந்திரிக்கல. டிவில தெனமும் இன்னிக்கி வேலூர்ல வெயில் இவ்ளோன்னு சொல்றான். கேக்குறவங்களுக்கு அது நம்பரு. வெயிலூர்னு யாராச்சும் சிரிச்சா எனக்கு அவரு மூஞ்சிதான் சார் வரும்."

லாட்ஜ் வந்தது. இறங்கும்போது அண்ணன் ஆட்டோக்காரரின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். சரி, பாடம் படித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

லாட்ஜ் இருந்த தெருவில் தமிழ்ப் பலகையைவிட வங்காள மொழிப் பலகைகள் அதிகம். சிகிச்சைக்காக அத்தனை தூரத்திலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்கள். சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசையில் ஒரு வயதான தம்பதி மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாட்டி சிரிப்பதும் கண்ணைத் துடைப்பதுமாக இருந்தார். கல்லாவில் இருந்தவருக்கு வங்காள மொழி தெரியும். அவரிடம் கேட்டேன். "ஸ்கேன் ரிப்போர்ட்டு நல்லா வந்துட்ச்சாம். ஊருக்குப் போனதும் மொதல்ல நல்ல மீனா வாங்கணும், இந்த ஊரு மீனு மீனே இல்லன்னு தாத்தா சொல்றாரு," என்றார். சொல்லிவிட்டு, "எங்க மீன்தான், இருந்தாலும் சந்தோசமா சொல்றாரு, சொல்லிட்டுப் போட்டும்," என்று தலையை ஆட்டினார்.

மறுநாள் விரிஞ்சிபுரம் கிளம்பினோம். திவ்யாவின் அம்மா வீடு அங்கேதான். கார் அனுப்புகிறேன் என்று திவ்யா சொன்னாள். பஸ்ஸில் போனால்தான் ஊர் தெரியும் என்று அண்ணன் மறுத்துவிட்டார். அவர் தேர்ந்தெடுத்த பஸ்ஸோ நெடுஞ்சாலையில் எங்கேயும் நிற்காத பஸ். விரிஞ்சிபுரம் என்று அண்ணன் கத்த, கண்டக்டர் நிதானமாக, "பெர்சு, இது நிக்காது. பள்ளிகொண்டால எறங்கி டவுன் பஸ் புடிச்சித் திரும்பி வாங்க," என்றார். இறங்க வேண்டிய கைகாட்டி ஜன்னலுக்கு வெளியே பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டே போனோம். எங்கள் ஊரில் பஸ் இப்படிப் பறக்காது. பஸ்ஸே அவ்வளவாகக் கிடையாது என்பது வேறு விஷயம்.

பள்ளிகொண்டாவில் டவுன் பஸ்ஸுக்காக நின்றபோது வெயில் தலைக்குள் இறங்கியது. கரும்புச் சாறு விற்ற அம்மா எங்களைப் பார்த்துவிட்டு, கேட்காமலே வண்டியின் குடையை எங்கள் பக்கம் சாய்த்துவைத்தார். வெயில் ஊர்க்காரர்களுக்கு நிழலின் அருமை தெரியும் என்று தோன்றியது.

சின்ன, சுத்தமான வீடு. பெண்ணின் அம்மா வாசலிலேயே காத்திருந்தார். என்னைவிடச் சில வயது இளையவர். கட்டம் போட்ட பருத்திப் புடவை, நெற்றியில் திருநீறு, கூச்சமான சிரிப்பு. திவ்யா அன்று லீவு போட்டிருந்தாள். பக்கத்து வீட்டு நசீமா உதவிக்கு வந்திருந்தார். திவ்யாவின் அம்மாவும் நசீமாவும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் பல வருடம் பக்கத்துப் பக்கத்து மிஷினில் தைத்தவர்களாம். கேசரி, வடை, ரோஸ்மில்க் எல்லாம் வந்தன. நசீமா வீட்டிலிருந்து ஆற்காட்டு மக்கன் பேடாவும் வந்தது. வாயில் போட்டதும் பாகு உடைந்து உள்ளே முந்திரி தட்டுப்பட்டது. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அதுதான் அண்ணனுக்குத் தைரியம் கொடுத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"போன்ல படிச்சேன்மா. உங்க வேலூருக்கு நாலு பெருமை இருக்காமே," என்று ஆரம்பித்தார். நான் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார். "ராஜா இல்லாத கோட்டை. சாமி இல்லாத கோயில். தண்ணி இல்லாத ஆறு. அப்புறம் நாலாவது..."

நாலாவது என்னவென்று அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வாய் பாதியில் நின்றது.

திவ்யா ரோஸ்மில்க் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். "அழகு இல்லாத பொண்ணுங்க," என்று அவளே முடித்துவைத்தாள். "எங்களுக்கு மனப்பாடம் அங்கிள். காலேஜ்ல சேந்த அன்னிக்கே சொல்லிட்டாங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். டம்ளரை அண்ணன் கையில் கொடுத்தாள்.

அவள் அம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் நிற்கவே இல்லை. நாங்கள் கிளம்பும்வரை அவர் வெளியே வரவில்லை. எங்களை வழியனுப்பியது நசீமாதான். "அவளுக்குத் தலவலி," என்றார், எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

திரும்பும் வழியில் அண்ணன் எங்கள் ஊர் 'லா' சேர்த்து, "ஜோக்குதானே லா, ஊரே சொல்றதுதானே," என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை சொல்லவில்லை. சாயங்காலம் குகன் போன் செய்தான். திவ்யாவிடம் பேசியிருக்கிறான். "அம்மா, அவங்கம்மா கொஞ்ச நாள் ஆகட்டும்னு சொல்றாங்களாம். மாமா என்னம்மா சொன்னாரு?" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது. அது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாள் அண்ணன் அறையை விட்டு வெளியே வர மறுத்தார். நான் மட்டும் கோட்டைக்கு நடந்தேன். அந்த நான்கையும் நேரில் பார்த்துவிடலாம் என்று ஒரு பிடிவாதம். கோட்டையில் ராஜா இல்லை, உண்மைதான். உலகத்தில் எந்தக் கோட்டையில் இப்போது ராஜா இருக்கிறார்? அகழியில் நிறையத் தண்ணீர். உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயிலில் தீபாராதனைக்குக் கூட்டம் இடித்தது. ஒரு காலத்தில் சன்னிதி வெறுமையாக இருந்திருக்கிறது. சாமி திரும்பி வந்து, கும்பிட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கே பிள்ளைகள் பிறந்தாகிவிட்டது. பேச்சு மட்டும் மாறவில்லை.

வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்மணியிடம் முழம் வாங்கியபடியே, "சாமி இல்லாத கோயில்னு இதைத்தான் சொல்வாங்களா?" என்று மெல்லக் கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எவன் சொன்னான்? அப்ப நான் காலைலேந்து யாருக்கும்மா பூ கட்டினிருக்கறேன்?" என்றார். கோபத்தில் இன்னும் ஒரு கண்ணி சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்.

அங்கே நிற்கும்போதே திவ்யாவிடமிருந்து போன். ஆம்பூருக்கு வர முடியுமா ஆன்ட்டி, மத்தியானம் பர்மிஷன் போட்டுவிட்டு வெளியே வருகிறேன் என்றாள். இந்த முறை கண்டக்டரிடம் கேட்டுவிட்டு ஏறினேன்.

ஆம்பூரில் இறங்கியதும் வாசனை வந்தது. எல்லா இடத்திலும் இல்லை. காற்று திரும்பும்போது மட்டும், ஈரத் தோலும் சுண்ணாம்பும் கலந்த ஒரு நெடி வந்துவிட்டுப் போனது. அடுத்த திருப்பத்தில் பிரியாணி தம் உடைக்கும் மணம் வந்து அதை அடித்துக்கொண்டு போனது. கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. அடையாள அட்டை மாட்டிய பெண்கள் டிபன் பாக்ஸோடு கடந்து போனார்கள். எத்தனை பெண்கள்! எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விட்டாலும் இவ்வளவு கூட்டம் வராது.

திவ்யா ஒரு பிரியாணிக் கடைக்கு அழைத்துப் போனாள். சீரகச் சம்பா அரிசி, பக்கத்தில் கத்தரிக்காய்த் தொக்கு, வெங்காயப் பச்சடி. நான் எங்கள் ஊரில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடை பிரியாணியை நினைத்துக்கொண்டு கை வைத்தேன். இரண்டு கவளத்தில் அந்த நினைப்பு போய்விட்டது.

"ஆம்பூர்னு சொன்னா ரெண்டே ரெண்டுதான் ஆன்ட்டி," என்றாள் திவ்யா. "ஒண்ணு, 'ஆ, பிரியாணி!' இல்லன்னா மூக்கப் பொத்திக்குவாங்க. நாத்த ஊருன்னுவாங்க. நான் ஹாஸ்டல்ல சேந்தப்போ, எங்கம்மா ஆம்பூர் ஷூ கம்பெனில வேலைன்னு கேட்டுட்டு, என் பெட்டியைக் கட்டில் மேல வைக்காதேன்னு சொன்ன பொண்ணு ஒருத்தி இருந்தா. அவ போட்டிருந்த ஷூவே இங்கத்துதுதான்."

"நீ சொல்லலையா?"

"சொன்னேன். மறுநாள்லேந்து அவதான் எனக்கு தோஸ்த்." சிரித்தாள். பிறகு தொக்கை விரலால் தள்ளிக்கொண்டே, "முழுசா பொய்யுன்னும் சொல்ல முடியல ஆன்ட்டி. தோலு பதப்படுத்துற கழிவு ஆத்துத் தண்ணியக் கெடுத்துச்சுதான். கெணத்துத் தண்ணி உப்பாயிட்ச்சு. அந்தத் தோல்லதான் எங்கம்மா என்னப் படிக்க வெச்சாங்க. நாங்களே ராத்திரி பகலா அதைப் பேசினிருக்கறோம். வெளியிலேந்து வந்து ஒருத்தர் அதுல ஒரு வரி எடுத்து ஜோக்கு பண்ணா, அதான்…" என்றாள்.

பக்கத்து மேசையில் இரண்டு பெரியவர்கள் உருதுவில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். திவ்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் காதருகே குனிந்து மொழிபெயர்த்தாள். ஒருவர் பையனுக்குப் பெங்களூரில் பெண் பார்க்கப் போயிருந்தாராம். அந்தப் பெண், ஆம்பூரில் நாற்றம் அடிக்குமாமே என்று கேட்டாளாம். "நீ இன்னா சொன்னே?" என்று கேட்டார் மற்றவர். "கல்யாணம் முடிஞ்சி ஒரு வாரம் அடிக்கும். அப்புறம் வேற ஊருக்குப் போனாத்தான் அடிக்கும்னேன்," என்றார் இவர்.

நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும்தான் கேட்க முடிந்தது. "உங்கம்மா என்ன சொல்றாங்க திவ்யா?"

"வேணாம்னு சொல்லல. நாளைக்கிக் காலைல உங்களோட தனியா பேசணுமாம். ஆத்தாண்ட வரச் சொன்னாங்க." பச்சடியை என் பக்கம் நகர்த்திக்கொண்டே, "எனக்கு அந்த ஜோக்கு ஒண்ணும் பண்ணல ஆன்ட்டி. நான் கேட்டுக் கேட்டு வளந்தேன். அம்மாவுக்கு அது வேற," என்றாள்.

நான்காம் நாள் காலை, வெயில் ஏறுமுன் விரிஞ்சிபுரம் போய்விட்டோம். அண்ணனைக் கோயில் வாசலில் நிழலில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் பாலாற்றுக்குப் போனேன். பெண்ணின் அம்மா கரையில் நின்றுகொண்டிருந்தார். இருவரும் மணலில் இறங்கி, ஒரு முள்மரத்தின் அரைகுறை நிழலில் உட்கார்ந்தோம்.

அவர் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் போனில் பேசியும், வீட்டுக்குப் போய் உட்கார்ந்தும், நான் அவரைத் திவ்யா அம்மா என்றே கூப்பிட்டிருக்கிறேன்.

"உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டேன்.

அவர் கை நின்றது. "சுந்தரி," என்றார். பிறகு, "அதைத்தான்கா சொல்ல வந்தேன்," என்றார்.

அவரைப் பெரம்பூரில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். "மாமனாரு நல்லவருதான்கா. அடிச்சதில்ல, திட்டினதில்ல. கல்யாணத்தன்னிக்குப் பந்தியில இந்த நாலையும் சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், புதுப் பொண்ணு வேற இன்னா பண்றது? அப்புறம் என் பேரைக் கேட்டாரு. சுந்தரின்னேன். 'வேலூர்ல சுந்தரியா?'ன்னாரு. அதுக்கு இன்னும் ஜாஸ்தி சிரிச்சாங்க.

"அன்னியிலேந்து நான் வேலூரு. 'வேலூரு, காபி குடு.' 'வேலூரு, துணி காஞ்சிட்ச்சா பாரு.' பக்கத்து வூட்டுக்காரங்க, பால்காரரு, எல்லாருக்கும் வேலூரு. என் வீட்டுக்காரரும் அப்டித்தான் கூப்புட்டாரு. ஆசையாத்தான்கா கூப்புட்டாரு, பொய் சொல்லக் கூடாது. கடைசியா அவரு ஆஸ்பத்திரில கெடந்தப்பவும் 'வேலூரு, தண்ணி'ன்னுதான் கேட்டாரு. ஒரு தடவ பேரைச் சொல்லியிருக்கலாம்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அழவில்லை. ஆற்றைப் பார்த்தே பேசினார்.

"கொழந்தையத் தூக்கினு இங்க வந்துட்டேன். நசீமாதான் கம்பெனில சேத்துவிட்டா. மொத நாளு அட்டென்டன்ஸ் எடுக்கறாங்க. 'சுந்தரி'ன்னு கூப்புட்றாங்க. யாரையோன்னு நான் பாட்டுக்கு நிக்கறேன். மறுபடியும் கூப்புட்றாங்க. நசீமாதான் இடிச்சா, 'உன்னத்தான்டீ'ன்னு. ப்ரெசென்ட்டுன்னு சொல்ல வாய் வரல. பாத்ரூம்ல போயி அழுதேன். சந்தோசமான்னு கேட்டா அதுவும் தெரியல."

ஒருவர் சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு அக்கரைக்குப் போனார்.

"இந்த ஆத்துல தண்ணி வந்துச்சு தெரியுமாக்கா? ஒரு மழைக்கு ரெண்டு கரையும் தொட்டுச்சு. ஊரே வந்து நின்னுச்சு. கற்பூரம் கொளுத்தினாங்க. நசீமா நின்ன எடத்துலயே துவா கேட்டா. பொறந்ததுலேந்து மணலையே பாத்த புள்ளைங்க பயந்து அழுதுங்க. எனக்கு இன்னா தோணுச்சுன்னா, எங்க மாமனாரை இட்டாந்து காட்டணும். 'பாருங்க, தண்ணி இருக்குது பாருங்க'ன்னு சொல்லணும். அவரு போயி வருஷமாச்சு."

பிறகு திரும்பி என்னை நேராகப் பார்த்தார். "அக்கா, உங்க ஊர்ல என் பொண்ண இன்னான்னு கூப்புடுவாங்க?"

திவ்யா என்றுதான் என்று சொல்லிவிடலாம். அதற்காகத்தான் அவர் கேட்டதும்கூட. ஆனால் அந்தக் கண்களுக்கு முன்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

"ஊர்க்காரின்னு சொல்வாங்க சுந்தரி," என்றேன். எங்களுக்கு ஊர் என்றால் தாத்தா பாட்டி விட்டுவந்த இந்தியா. இங்கிருந்து வருகிறவர்கள் எல்லாரும் எங்களுக்கு ஊர்க்காரர்கள். அது வசவு இல்லை. ஆனால் கடையில் நின்று ஒருவரை அப்படிச் சொல்லும்போது குரல் ஒரு படி இறங்கிவிடும். அவளுடைய பேச்சைக் கேட்டுச் சிலர் சிரிக்கவும் கூடும். எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்க வூட்ல?"

"என் வீட்டுல திவ்யா. அண்ணனுக்கும் திவ்யா. வெளியில யாராவது சொன்னா, நான் பக்கத்துல இருந்தா திருத்துவேன். நான் இல்லாதப்ப அவளேதான் திருத்தணும்."

சுந்தரி யோசித்தார். "அவ திருத்திப்பா," என்றார். "அந்தப் பெட்டிக் கதை சொன்னாளா? அவ என்ன மாதிரி இல்ல." எழுந்து புடவையில் ஒட்டிய மணலைத் தட்டினார். "அப்டில்லாம் இல்லன்னு நீங்க சொல்லியிருந்தா, நான் எழுந்து போயிருப்பேன்கா. வாங்க, கோயிலுக்குப் போலாம்."

மார்க்கபந்தீஸ்வரரை ஊரில் வழித்துணை நாதர் என்கிறார்கள். ராத்திரி வழிப்போக்கர்களுக்குத் துணையாக நடந்துவந்த சாமி. கடல் தாண்டிப் போகப்போகும் பெண்ணுக்காக அர்ச்சனை செய்யச் சொன்னார் சுந்தரி. பெயர் கேட்ட குருக்களிடம் "திவ்யா" என்று அழுத்திச் சொன்னார். குகன் பெயரையும் சேர்த்தார். சம்மதம் என்பதை அவர் எங்களிடம் சொல்லவில்லை, சாமியிடம் சொன்னார்.

வெளியே வந்து மதிலைக் காட்டினார். உயரமான பழைய கல்மதில், காலை வெயிலில் தேன் நிறமாக இருந்தது. "திருவாரூர் தேரழகு, விரிஞ்சிபுரம் மதிலழகுன்னு சொல்வாங்க," என்றவருக்குத் திடீரென்று சிரிப்பு பொங்கியது. "பாருங்கக்கா கூத்த. எங்க ஊர்ல மதிலுக்குக்கூட அழகுன்னு பேரு குடுத்துட்டாங்க. பொண்ணுங்களுக்குத்தான் இல்ல!" முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நிழலில் உட்கார்ந்திருந்த அண்ணன் இதைக் கேட்டார். அவர் உதட்டில் ஏதோ ஒன்று வந்ததைப் பார்த்தேன். விழுங்கிவிட்டார்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குக் கூப்பிட்டார் சுந்தரி. அண்ணன் வாசலிலேயே நின்றார். செருப்பைக் கழற்றவில்லை. வாழ்நாளில் மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றும் அது நேராக வரவில்லை.

"என் மகன் மெல்பர்ன்ல இருக்கான்மா," என்று தொடங்கினார். "எங்க ஊரைப் பென்ஷன் ஊருன்னுதான் சொல்வாங்க. ஓய்வு பெத்தவங்க வந்து தங்குற ஊரு. அவன் போன் பண்றப்பல்லாம், 'எப்படிப்பா இருக்கு உங்க கிழவன்கள் ஊரு?'ன்னு கேப்பான். நானும் ஒரு ஜோக்கு சொல்லிச் சிரிப்பேன். அவன் வந்து நாளாச்சு. போனை வெச்சதும் கொஞ்ச நேரம் எனக்கு ஒண்ணும் ஓடாது." கழுத்தில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னைக்கு நீங்க எழுந்து உள்ள போனீங்களே, குழாச் சத்தம் கேட்டுச்சு. அப்பத்தான்மா..."

இந்தக் கதையை என்னிடம்கூட அவர் சொன்னதில்லை. ஒரே தெருவில்தான் இருக்கிறோம்.

சுந்தரி கதவை நன்றாகத் திறந்துவிட்டார். "உள்ள வாங்கண்ணா," என்றார். "சோறு ஆறிடும்."

சாம்பார், வாழைக்காய் வறுவல், அவரைக்காய்ப் பொரியல், பாயசம். அண்ணன் மூன்று முறை சோறு வாங்கிக்கொண்டார். ஷிப்ட் முடியாத திவ்யாவிடம் நசீமா போனில் ஏதோ கிசுகிசுத்தார். போனுக்குள் ஒரு கூச்சல் கேட்டது. மிஷின் சத்தமா, தோழிகளின் சத்தமா தெரியவில்லை.

கை கழுவிவிட்டு வந்ததும் சுந்தரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, உங்க ஊரு பேரைச் சரியா சொல்லிக் குடுங்க. மலேசியான்னு சொன்னாப் போதும்னு எல்லாரும் சொல்றாங்க. கேக்குறவங்களுக்கு அது போதும். எனக்கு ஊரு பேரு வேணும்."

"தைப்பிங்."

"டைபிங்கு."

"தைப்பிங். தை மாசம்னு சொல்றோம்ல, அந்தத் தை. கடைசியில கு வேணாம்."

"தைப்பிங்." இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "அர்த்தம் இன்னாக்கா?"

"சீனப் பேரு. என்னைக்கும் அமைதியா இருக்கிற எடம்னு அர்த்தம்."

அண்ணன் பக்கம் திரும்பினார். "ஏண்ணா, இவ்ளோ நல்ல பேரு இருக்கப்போ பென்ஷன் ஊருன்னு எதுக்கு சொல்லணும்?" அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார்.

அப்போது தெருவில் தண்ணீர்க் குடத்தோடு போன ஒரு பெண் நின்று, உள்ளே எட்டிப் பார்த்தாள். "இன்னா சுந்தரிக்கா, வூடு நெறைய ஆளு? பொண்ண முடிச்சிட்டியா? எந்த ஊர்ல குடுக்குறே?"

சுந்தரி எழுந்து வாசலுக்குப் போனார். இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"தைப்பிங்."

"எது, டைப்பிங்கா? டைப் அடிக்கிறதா?"

"அய்ய, டைப்பிங் இல்லடீ. தை... ப்பிங். நீ சொல்லு பாக்கலாம்."

அந்தப் பெண் குடத்தைக் கீழே இறக்கி வைத்தாள்.